டெலஸ்கோப் பெட்டியில் வரும் கருப்புக் கண்ணாடி

தம்பிக்கு,

நலம் விசாரிப்பதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் இந்த ஒரு காரியத்தைச் செய். டெலஸ்கோப்பை வாங்கிவிட்டாய் என்றால், பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் அந்தப் பெட்டியைத் திற. உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்கு, திருகி மாட்டுகிற மாதிரி ஒரு கருப்புக் கண்ணாடி இருக்கும். சூரியனைப் பார்ப்பதற்கு என்று போட்டிருக்கும். அதை எடுத்துத் தரையில் வைத்துச் சுத்தியலால் தூளாக்கி, பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடு. இன்னும் வாங்கவில்லை என்றால், அந்தக் கண்ணாடியைப் பெருமையாகக் காட்டி விற்கிற கடையை விட்டு வெளியே வந்துவிடு. அதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படி.

உன் போன் வந்து பதினோரு நாள் ஆகிறது. நீ என்னவோ சந்தோஷமாகத்தான் பேசினாய். "பாப்பா டெலஸ்கோப்பு கேக்குதும்மா. கடையில ஒன்னு பாத்து வெச்சிருக்கேன், ஐந்நூறு மடங்கு பெருசா காட்டுமாம். பொங்கலுக்கு வரப்ப எடுத்தாறேன். மாட்டுப்பொங்கலன்னிக்குக் கிரகணம் வருதுல்ல, நம்ம தோட்டத்துலேருந்தே பாப்பாவுக்குக் காட்டிடலாம்" என்றாய். "சூரியன எப்பிடிடா நேரா பாக்குறது?" என்று கேட்டேன். "அதுக்குன்னே கருப்புக் கண்ணாடி குடுக்குறாங்கம்மா. நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப நீ நீலக் கண்ணாடி குடுத்தியே, அது மாதிரி" என்று சொல்லிச் சிரித்தாய். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பொங்கிவிடும் என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. போனுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது.

நான் பயந்த சுபாவம் கிடையாது, உனக்கே தெரியும். கொல்லையில் பாம்பு வந்தால் உன் அப்பா கட்டில் மேல் ஏறி நின்றுகொண்டு என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் இந்தப் பதினோரு நாளாக எனக்கு இருப்பது என்ன மாதிரி பயம் என்று சொல்லத் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை. தெருவில் எந்தப் பிள்ளை அண்ணாந்து பார்த்தாலும் "ஏய், கீழ பாரு" என்று கத்திவிடுகிறேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று எதிர் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன் தம்பி. உன் வலது கண் பிறவியிலேயே அப்படி இல்லை. அந்த நீலக் கண்ணாடிதான் அதைக் கெடுத்தது. அதை உன் கையில் கொடுத்தவள் நான்.

அப்போது நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். நான் செராமிக் கம்பெனியில், பீங்கானுக்குப் பளபளப்பு கொடுக்கிற க்ளேஸ் போடுகிற இடத்தில் இருந்தேன். காய்ந்த பியூஸ் கட்டைகளைப் பால் மாதிரிக் கரைத்த க்ளேஸில் முக்கி எடுத்து அடுக்கும் வேலை. சனிக்கிழமைகளில் உன்னையும் கூட்டிப் போவேன். உனக்குப் பிடித்த இடம் மாரிமுத்து அண்ணனின் சூளை. சூளைச் சுவரில் ஒரு செங்கல்லை உருவினால் அதன் வழியாக உள்ளே எரிவது தெரியும். உள்ளே வைத்திருக்கும் சின்னக் கூம்பு வெந்து தலை சாய்ந்தால் சூடு போதும் என்று கணக்கு. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணுக்கு முன்னால் ஒரு நீலக் கண்ணாடித் துண்டைப் பிடித்து அந்தக் கூம்பைப் பார்ப்பார். உனக்கும் காட்டுவார். நீ வீட்டுக்கு வந்தும் ஒரு கண்ணை மூடிக்கொண்டே திரிவாய். அந்த நெருப்பின் முன்னால் வெறுங்கண்ணோடு நின்றால் கண் கூசித் தண்ணீர் கொட்டும். நீலக் கண்ணாடி வைத்தால் ஒன்றும் செய்யாது. நாங்கள் எல்லாரும் கண்ணால் கண்டு நம்பிய விஷயம் அது.

அந்த வருஷம் பெரிய கிரகணம் வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. கடைவீதியில் ஒரு ஆள் கிடையாது, பஸ்கூட ஓடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்த உன் பெரியத்தை காலையிலேயே வந்து, "புள்ளைய வூட்டுக்குள்ளயே வெச்சிக்க. ஜன்னலுக்கெல்லாம் துணி கட்டு. கிரகணக் காத்து பட்டாலே ஆவாது" என்றாள். எனக்கு எரிச்சல். பத்தாவது வரைக்கும் படித்தவள் நான். நிலா குறுக்கே வருகிறது, அவ்வளவுதானே என்று பள்ளிக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தையும் விளக்கையும் வைத்துப் படித்திருக்கிறேன். ரேடியோவில் வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள் என்று சொன்னார்கள். முந்தின நாளே சூளையடியில் ஆணியில் தொங்கிய நீலக் கண்ணாடியை மாரிமுத்து அண்ணனிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். "இத வெச்சு சூரியன பாக்கலாமாண்ணே?" என்று கேட்டதற்கு, "சூள நெருப்பையே தாங்குது, சூரியன் அவ்ளோ தூரத்துல இருக்குது, என்னா செஞ்சிடப்போவுது?" என்றார். அவர் வாயில் வந்தது என் மனத்திலும் இருந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். உன்னைக் கொல்லைக்குக் கூட்டிப் போனேன். நீ வழக்கம்போல இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தாய். "கடிச்ச பிஸ்கட்டு மாதிரி இருக்குதும்மா" என்று குதித்தாய். நானும் இரண்டு முறை சட்டென்று பார்த்துவிட்டு உன்னிடமே கொடுத்துவிட்டேன். நீ பிள்ளை, நீ பார்க்கட்டும் என்று. எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று இன்றுவரை கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். "அத்தைகிட்ட சொல்லிடாத" என்று சொல்லி உள்ளே கூட்டி வந்தேன்.

வலி இல்லை தம்பி. அதுதான் எனக்குப் பெரிய பயம். வலித்திருந்தால் நீயே கண்ணை எடுத்திருப்பாய். அன்று சாயங்காலம் விளக்கு போட்டதும், "லைட்டு நடுவுல அழுக்கா இருக்குதும்மா" என்றாய். துணியை எடுத்து பல்பைத் துடைத்தேன். ஒரு வாரம் கழித்து, கரும்பலகையில் நடுவில் இருக்கும் எழுத்தை விட்டுவிட்டு எழுதுகிறான் என்று உன் டீச்சர் சொல்லி அனுப்பினாள். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். சொட்டு மருந்து விட்டு உன்னை வெளி பெஞ்சில் அப்பாவோடு உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே டாக்டர் என்னைத் தனியாகக் கேட்டார். "பையன் கிரகணத்தைப் பார்த்தானாம்மா?" நான், "இல்லீங்க டாக்டர், வூட்டுக்குள்ளதான் வெச்சிருந்தேன்" என்றேன். அப்படியானால் பிறவியிலேயே இருந்திருக்கலாம், இப்போதுதான் கவனித்திருக்கிறீர்கள் என்றார். எதுவானாலும் மருந்து இல்லை என்றும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏன் பொய் சொன்னேன்? உன் அத்தைக்குப் பயந்துதான். "நான் அப்பவே சொல்லல?" என்று அவள் கேட்பாள். கிரகணக் காற்றுதான் பிள்ளையின் கண்ணைத் தின்றது என்று தெருவெல்லாம் சொல்வாள். அவள் சொன்ன காரணம் தப்பு, ஆனால் பிள்ளையை உள்ளே வைக்கச் சொன்னது சரியாகிவிட்டதே! அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. என் ரோஷத்துக்காக உன் கண் விஷயத்தை மூடி வைத்தேன். கிரகணத்துக்கு மறுநாளே கண்ணாடியைச் சூளையடி ஆணியில் மாட்டிவிட்டிருந்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை சூளைப் பக்கம் போகும்போதெல்லாம் அது அங்கேயே தொங்கியது.

பிறகு நீ இன்ஜின் டிரைவர் ஆக வேண்டும் என்று கிளம்பினாய். ஜங்ஷன் பாலத்தில் நின்று வண்டி பார்த்து வளர்ந்த பிள்ளை, வேறென்ன ஆசைப்படுவாய்? எழுத்துப் பரீட்சையில் தேறினாய். கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "பொறவியிலேயே இப்பிடின்னா யார என்னா சொல்றது, வுடும்மா" என்று எனக்கு ஆறுதல் சொன்னாய். அன்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. உனக்குத் தோசை ஊற்றப் போய்விட்டேன். இப்போது நீ கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் நன்றாகத்தான் இருக்கிறாய், கலாவும் பாப்பாவும் கிடைத்தார்கள். அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பதாக நினைக்காதே. நீ பிறவி என்று நம்பியதால்தானே இன்று அந்தக் கருப்புக் கண்ணாடியையும் நம்புகிறாய். என் பொய் உன்னைத் தாண்டிப் பாப்பாவின் கண் வரைக்கும் வந்து நிற்கிறது.

பாப்பாவுக்கு டெலஸ்கோப்பே வேண்டாம் என்று சொல்லத்தான் முதலில் நினைத்தேன். பிறகு, மறுபடியும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பேசக் கூடாது என்று, பெண்கள் பள்ளியில் அறிவியல் நடத்தும் டீச்சரைத் தேடிப் போனேன். அவர் பிள்ளைகளுக்கு வானம் காட்டுவதற்காக ஒரு டெலஸ்கோப் வைத்திருக்கிறார். பேத்திக்கு வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஐந்நூறு மடங்கு என்றதும் சிரித்துவிட்டார். "மடங்க பாக்காதீங்கம்மா. உள்ள இருக்குற கண்ணாடி எத்தன அங்குலம்னு மொதல்ல கேளுங்க. நாலரை அங்குலத்துக்குக் குறைஞ்சா வேணாம். ஆறு இருந்தா ராஜா" என்றார். நம் பாப்பாவுக்கு ஏற்றது கண்ணாடி வைத்த வகைதான், முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி. குழாயின் அடியில் குழிவாகத் தேய்த்த கண்ணாடி ஒன்று, மேலே சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி, பக்கவாட்டில் கண் வைக்கும் இடம். அவ்வளவுதான், நடுவில் வெறும் குழாய். அந்தப் பெரிய கண்ணாடி எவ்வளவு அகலமோ அவ்வளவு வெளிச்சம் சேரும். வெளிச்சம் சேராமல் படத்தை மட்டும் இழுத்துப் பெரிதாக்கினால் தண்ணீர் அதிகம் விட்ட க்ளேஸ் மாதிரி எல்லாம் மங்கிப்போகும்.

அடுத்தது நிற்க வைக்கும் கால். கடையில் மூன்று மெல்லிய குச்சிக் கால்களில் நிறுத்தி வைத்திருப்பார்கள். கண் இமை பட்டாலே நிலா ஓடிவிடும். டீச்சரிடம் இருப்பது தரையில் உட்காரும் மரப்பெட்டி. குழாயை அதில் வைத்து இடம் வலம் திருப்பலாம், மேலே கீழே சாய்க்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். பாப்பா உயரத்துக்கு அதுதான் சரி. அந்த மாதிரியே கேட்டு வாங்கு. கண் வைக்கும் வில்லை இரண்டு இருந்தால் போதும், இருபத்தைந்து என்று போட்டது ஒன்று, பத்து என்று போட்டது ஒன்று. எண் பெரிதானால் படம் சிறிதாகத் தெரியும், குழம்பிக்கொள்ளாதே. முதலில் இருபத்தைந்தைப் போட்டு நிலாவைக் கண்டுபிடித்த பிறகுதான் பத்துக்குப் போக வேண்டும். அடிக்கண்ணாடியில் தூசி பட்டால் உன் பனியனால் துடைத்துவிடாதே. தூசி கெடுதல் இல்லை, துடைப்பதுதான் கெடுதல். ஒரு விரல் எண்ணெய் பட்டால் க்ளேஸ் எப்படித் திட்டுத் திட்டாகப் போகும் என்று நான் பார்த்தவள். வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்ததும் அவசரப்படாதே, அரை மணி நேரம் வெளியே வைத்து ஆறவிடு. சூடு இருந்தால், சூளை மேல் காற்று நெளியுமே, அப்படி உள்ளே எல்லாம் நெளியும். இரண்டு கண்ணாடியும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கின்றனவா என்று திருகாணி திருப்பிச் சரிபார்க்க வேண்டும். பெட்டியோடு வரும் புத்தகத்தைப் படித்து நீயே கற்றுக்கொள்.

சூரியன் முழுதாக இறங்கிய பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் எனக்குக் காட்டினார். "நிலா கண்ண ஒன்னும் செய்யாதுங்களா டீச்சர்?" என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்று முறையும் பொறுமையாக, "செய்யாதும்மா. கொஞ்சம் கூசும், அவ்ளோதான்" என்றார். பார்த்தேன். வெயிலும் நிழலும் பிரிகிற ஓரத்தில் பள்ளம் பள்ளமாக, கொதித்து அடங்கிய க்ளேஸ் மாதிரி இருந்தது. குமிழி உடைந்த குழிகள். கையால் தடவலாம் போல இருந்தது. பிறகு வியாழனைக் காட்டினார். துவரம்பருப்பு அளவுதான். பக்கத்தில் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள், அதன் நிலாக்களாம். பெட்டி மேல் போட்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு வரும் பாப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும். சின்னதாகத்தான் தெரியும் என்று முன்னாலேயே சொல்லி வை. நீ இடது கண்ணால் பார் தம்பி. வலது கண்ணால் பார்த்தால் அந்தப் பருப்பு இருக்கும் இடத்திலேயே உனக்கு ஒன்றும் இருக்காது. இதை எழுதும்போது அழுகை வருகிறது.

கடைசியாகக் கருப்புக் கண்ணாடியைப் பற்றிக் கேட்டேன். டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே அதே மாதிரி ஒன்று, குறுக்கே இரண்டாகப் பிளந்து கிடந்தது. "நாங்களும் தெரியாமத்தாம்மா மாட்டுனோம். மாட்டி வெச்சிட்டுப் புள்ளைங்கள வரிசையில நிக்க வெக்கறதுக்குள்ள டப்புன்னு சத்தம். யாரும் கண்ணு வெக்கல, கடவுள் புண்ணியம்" என்றார். ஆறு அங்குலக் கண்ணாடியில் விழும் வெயில் முழுவதும் நகத்தளவு இடத்தில் குவிகிறது. சூடு ஒரே இடத்தில் ஏறினால் கண்ணாடி வெடிக்கும் என்று டீச்சர் எனக்குச் சொல்லவா வேண்டும்? அவசரமாகத் திறந்த சூளையில் எத்தனை சாமான் பிளந்ததைப் பார்த்திருக்கிறேன். நீ பார்த்தது ஒற்றைக் கண்ணாடித் துண்டின் வழியாக. பாப்பா பார்க்கப்போவது இந்தக் குவிந்த வெயிலை. கண்ணை எடுக்கக்கூட நேரம் இருக்காதாம். பகலில் அந்த டெலஸ்கோப்பை மூடி போட்டு, துணி சுற்றி, பரண் மேல் வை. ஜன்னல் ஓரத்தில் விட்டுவிட்டுக் குளிக்கக்கூடப் போகாதே. டீச்சரிடம் உன்னைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடமும் முதலில் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

இனி நீ என்னோடு பேசுவாயா என்று தெரியவில்லை. பொங்கலுக்கு வராமல் போகலாம். கலா என்ன நினைப்பாள், பாப்பா பெரியவளானதும் என்ன நினைப்பாள் என்றெல்லாம் பயமாக இருக்கிறது. நீ வராவிட்டாலும் பரவாயில்லை, கிரகணத்தன்று மதியம் நீ எங்கே இருந்தாலும் டெலஸ்கோப்பை வெளியே எடுக்காதே. இதைப் படித்ததும் ஒரே ஒரு போன் போடு. "ஒடச்சிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு. திட்ட வேண்டும் என்றால் இன்னொரு நாள் திட்டலாம், நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். மறைக்கப் பார்த்தேன் என்றே வைத்துக்கொள். கிரகணத்தைக் கண்ணுக்கு ஆபத்தில்லாமல் எப்படிப் பார்ப்பது என்று டீச்சரிடம் கேட்டேன். அட்டையில் ஊசியால் ஒரு துளை போட்டு, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, அதன் வெளிச்சத்தைத் தரையில் விழ வைத்துப் பார்க்கலாம் என்றார். "அது கூட வேணாம்மா, எதாவது ஒரு மரத்தடியில போயி நின்னு கீழ பாருங்க. எல இடுக்குல விழற வெளிச்சம் எல்லாமே பிறை பிறையா கெடக்கும்" என்றார். அன்று நம் கொல்லைப் புங்க மரத்தடியில் நீ முதலில் அதைத்தான் பார்த்தாய். நீலக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்க்காமல், தரையில் குந்திக்கொண்டாய். "அம்மா, கீழ பாரேன்! குட்டி குட்டியா நெறைய நெலா கெடக்குது!" என்றாய். உன் காலைச் சுற்றி, சட்டை மேல், கை மேல் எல்லாம் கிடந்தன. நான் குனியவே இல்லை. "கீழ என்னாடா இருக்குது, மேல பாரு, இனிமே எப்ப வருமோ" என்று சொல்லி, உன் முகவாயைப் பிடித்து மேலே தூக்கிவிட்டேன்.

மரம் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. வந்தால், மாட்டுப்பொங்கல் மதியம் பாப்பாவை அதன் அடியில் உட்கார வை. கீழே பார்த்து அவள் ஏதாவது சொன்னால், நீயும் குனிந்து பார் தம்பி.

அம்மா